பள்ளிக்கு இன்னும் இரண்டு அறைகள்



சென்ற திங்கள் விழிஞ்ஞம் கரையோரத்துத் தொடக்கப் பள்ளியொன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. நம் சங்கத்துக் குடும்பங்களின் குழந்தைகள் சிலரும் அங்கே பயில்கின்றனர். ஆதலின் நாமும் சென்றிருந்தோம். பிள்ளைகளின் தொகை பெருகிவிட்டது, இன்னும் இரண்டு அறைகள் வேண்டும் என்று தலைமையாசிரியை எடுத்துரைத்தார். முற்றத்தில் இரும்புத் தூண்களை நட்டு, மேலே தகரத் தகடுகளைப் போட்டு, சிமெண்டுக் கற்களால் சுவர் வைத்துவிட்டால், கோடை விடுமுறைக்குள் வேலை முடிந்து ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். ஒருவரும் மறுக்கவில்லை. கை தட்டினோம். தேநீர் அருந்தினோம். கலைந்தோம்.

வாயிலைக் கடக்கும்போது, கடைசி பெஞ்சில் நம்மோடு அமர்ந்திருந்த அண்ணாச்சி ஒருவர் நம் தோளைத் தொட்டார். மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் கொத்து வேலை செய்பவர். அவருடைய பேத்தி அப்பள்ளியில் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

“சார், அந்தத் தகரத்துக்குக் கீழ மத்தியானம் பிள்ளைங்க எப்படி இருக்கும்? மழை பெஞ்சா டீச்சர் சொல்றது காதுல விழுமா? இதே காசுக்குக் குளிர்ச்சியா கட்டலாமே. நான் எத்தனை சுவர் அப்படி எழுப்பியிருக்கேன்!” என்றார்.

“அண்ணாச்சி, இதை உள்ளே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டோம்.

“நம்மகிட்ட யாரு கேக்கா சார்? நாம வந்து போறவங்க” என்றார்.

அவரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை. நாமும் அங்கே வாய் திறந்தோமில்லை. நம் மலையாளம் பிழைபடுமே என்ற கூச்சம் ஒன்று. இன்னும் சில ஆண்டில் வேறூருக்கு மாற்றல் வந்துவிடும், நமக்கேன் இந்த வம்பு என்ற எண்ணம் மற்றொன்று. அன்று மௌனமாக இருந்த குறையைத் தீர்க்கவே இம்மாதம் இப்பகுதியை இந்தப் பொருளுக்கு ஒதுக்கினோம்.

முதலில் தகரக் கூரையைப் பற்றி. வெயிலில் காய்ந்த தகடு வெப்பத்தைக் கீழ்நோக்கியே வீசும். அறையில் மின்விசிறி சுழன்றால் அது காற்றைத் தள்ளுமேயன்றித் தகட்டின் சூட்டைத் தணிக்காது. விழிஞ்ஞத்தில் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பள்ளி நடைபெறும் மாதங்களில் பல மழை மாதங்களே. பெருமழை தகரத்தில் விழும் ஓசையில் ஆசிரியை பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது நாம் காணாத காட்சியன்று. இவையன்றி, கடற்காற்றின் உப்பு தகட்டையும் ஆணியையும் ஓயாமல் அரிக்கும். இன்று மலிவாகத் தோன்றும் கூரையைச் சில ஆண்டுகளில் மீண்டும் மாற்ற வேண்டிவரும்.

அப்படியானால் வேறு வழி என்ன? அதைத் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தம்பானூரில் சிவந்த செங்கற் கோபுரம்போல ஒரு கட்டடம் சுழன்று எழுவதை நம்மில் பார்க்காதவர் இல்லை. அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். படிகள் இல்லாமல் சாய்தளமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் அதன் ஓரமெங்கும் மேசைகள். சுவரில் சிறு சிறு துளைகள். அவற்றின் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. ஊருக்குப் போகும் அவசரத்தில் காபி குடித்துவிட்டு ஓடும் நாம், அதைக் கட்டியவர் யார் என்று கேட்பதில்லை.

அவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்பட வேண்டும் என்று அடிகள் கருதியது அவர் உள்ளத்தில் பதிந்தது. இமயத்தின் அடிவாரத்தில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்தார், திருவனந்தபுரத்திலேயே நிலைத்தார். இந்தியக் குடிமகனானார். 1990-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2007-இல் இந்நகரிலேயே மறைந்தார். அவரும் வந்தேறியவர்தாம் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். ‘வந்து போறவங்க’ என்று அவர் ஒதுங்கி நின்றிருந்தால் இந்நகரம் எத்தனையோ நல்ல கட்டடங்களை இழந்திருக்கும்.

அவர் பரப்பிய முறைகளில் பள்ளிக்குப் பயன்படுவன மூன்றை இங்கே விளக்குவோம்.

ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வைத்துச் சுவர் எழுப்புவது. இரு முகங்களுக்கு நடுவே எலிப்பொறிபோல வெற்றிடம் அமையும். நூறு செங்கல் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ எழுபத்தைந்து போதும், சாந்தும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே எளிதில் விடாது. நேர்த்தியாகக் கட்டினால் மேற்பூச்சே வேண்டுவதில்லை.

இரண்டு, செங்கல் ஜாலி. சன்னலுக்குச் சட்டமும் கம்பியும் கதவும் வாங்குவதற்கு மாறாக, செங்கற்களிடையே இடைவெளி விட்டுக் கட்டுவது. காற்று புகும், கண் கூசாத வெளிச்சம் வரும், கள்ளன் புகமாட்டான். துருப்பிடிக்க இரும்பும் இல்லை. கடற்கரைப் பள்ளிக்கு இந்த ஒரு நன்மையே பெரிது.

மூன்று, கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து வார்ப்பது. தளம் பாரத்தைத் தாங்கும்போது மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் சுமைதான். அச்சுமைக்கு ஈடாக ஓடுகளை வைத்தால் சிமெண்டு மிஞ்சும், தளம் இலேசாகும், ஓடுகளுக்கு இடையே அடங்கிய காற்றினால் வெப்பமும் குறையும். கொத்தனார்கள் இதனை ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்பார்கள். உள்ளூரில் பிரித்தெடுத்த பழைய வீடுகளின் ஓடுகளே இதற்குப் போதும்.

‘இவையெல்லாம் பணக்காரர் வீட்டு அலங்காரம் அல்லவா?’ என்று சிலர் வினவலாம். அன்று. உள்ளூரில் 1970-களில் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பேக்கர் இம்முறைகளில் கட்டினார். அதே காலத்தில் விழிஞ்ஞத்துக்கு வடக்கே பூந்துறையில் மீனவர்களுக்கு வீடுகளும் வகுத்தார். வீடுகளை ஒரே நேர்வரிசையில் நிறுத்தாமல் முன்னும் பின்னுமாக விலக்கி வைத்தமையால், முன்வீடு பின்வீட்டின் காற்றை மறைக்கவில்லை. வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் இடையில் இடம் கிடைத்தது. துளையுள்ள சுவர் புயலை மோதித் தடுக்காமல் ஊடே போகவிட்டு நிற்கும் என்பது அவர் கருத்து. பேக்கரும் அக்கால முதலமைச்சர் சி. அச்சுத மேனனும் பொருளியல் அறிஞர் கே.என். ராஜும் சேர்ந்து 1985-இல் நிறுவிய ‘காஸ்ட்ஃபோர்டு’ என்னும் அமைப்பு இப்பணியைத் தொடர்ந்தது. அச்சுத மேனன் அப்போது பதவியை விட்டு நீங்கியிருந்தார்.

இனி ஓர் எச்சரிக்கை. இயற்கைப் பொருள் என்றாலே நன்று என்று நாம் மயங்கிவிடலாகாது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாளைத் தமிழர் எவரும் மறக்கமாட்டோம். கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். கீற்று குளிர்ச்சியானதுதான், மலிவானதுதான், அருகிலேயே கிடைப்பதுதான். ஆயினும் குழந்தைகளின் தலைக்குமேல் அதை வைக்கலாகாது. குளிர்ச்சி, சிக்கனம் என்னும் இரண்டுக்கும் முன்னே நிற்க வேண்டியது உயிர்க்காப்பு. அறையிலிருந்து வெளியேற இரு வழிகள், அகலமான படிகள், சமையலறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே நல்ல இடைவெளி: இவற்றை முதலில் எழுதிக்கொண்டுதான் மற்றவற்றைப் பேச வேண்டும்.

இடம் நெருக்கமான நம் கரையில், ‘பழைய கட்டடத்தின்மேலேயே மாடி எடுத்துவிடலாம்’ என்ற பேச்சும் எழும். அங்ஙனமாயின் பழைய அடித்தளம் அப்பாரத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துக் கணிக்கும் காரியம் இது அன்று. உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்துத் தளத்தைப் பிளக்கும். ஆகவே கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் போதிய கனத்துக்கு மூடியிருக்க வேண்டும். அருகில் கிடைக்கிறதே என்று கடல் மணலை அள்ளிக் கலக்கவே கூடாது. ஐந்து மைல் விதிக்கும் இது விலக்கு. அருகில் உள்ள பொருள் தகுதியான பொருளாகவும் இருத்தல் வேண்டும். வெட்டுக்கல் என்று இந்நாட்டில் வழங்கும் சிவந்த கல் அத்தகையது. தோண்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகுவது.

காற்றின் திசையும் இங்கே ஒரு சிக்கல். கடல் மேற்கே இருப்பதால் இனிய காற்று அப்பக்கத்திலிருந்து வரும். பிற்பகல் வெயிலும் சாய்ந்தடிக்கும் மழையும் அப்பக்கத்திலிருந்தே வரும். மேற்குச் சுவரை முழுவதும் அடைத்தால் புழுக்கம். முழுவதும் திறந்தால் புத்தகம் நனையும். அகன்ற தாழ்வாரமும், நீண்டு இறங்கிய இறவாரமும், அவற்றின் நிழலில் ஜாலிச் சுவரும் அமைத்தால் இரண்டும் தீரும். நம் பாட்டன்மார் திண்ணை வைத்துக் கட்டியது இந்தக் கணக்கால்தான்.

தண்ணீரையும் எண்ண வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். இரண்டு அறையும் தாழ்வாரமும் சேர்ந்து 100 சதுர மீட்டர் கூரை என்று கொண்டால் 1,80,000 லிட்டர் ஆகிறது. காற்பங்கு வீணானாலும் 1,35,000 லிட்டர் மிஞ்சும். முதல் மழையை அழுக்கோடு வெளியே விட்டு, அடுத்ததைத் தொட்டியில் சேர்த்தால் கழிப்பறைக்கும் கை கழுவவும் உதவும். மிகுந்தது கிணற்றருகே நிலத்தில் இறங்கட்டும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள்; நம்மில் பலருக்கு ஊரில் அந்தப் பழக்கம் உண்டு. இங்கே அதைச் சொல்லிக்கொடுக்க நமக்குத் தகுதி இருக்கிறது.

ஆனால் எதை வைத்தாலும் பராமரிப்பவர் யார் என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டும். கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று விழிஞ்ஞத்தில் 1991-இல் அமைந்தது. சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் வகுத்த அதன் ஆற்றல் 150 கிலோவாட். ஆராய்ச்சிக்கென எழுந்த அது, உலகத்தில் அவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. இன்று அது இயங்கவில்லை. பெரிய அறிஞர்கள் நிறுவியதே நின்றுபோகுமாயின், பள்ளிக் கூரையில் மாட்டும் சூரிய மின்தகடும் தொட்டியின் குழாயும் எம்மாத்திரம்? பழுதானால் உள்ளூர்க் கொத்தனாரும் மின் வேலைக்காரரும் ஒரே நாளில் சரி செய்யக்கூடியதே பள்ளிக்கு ஏற்றது.

‘எல்லாம் சரி, கையில் இருக்கும் பணம் தகரத்துக்குத்தானே வரும்?’ என்பார்க்கு ஒரு தொலைதேசத்துச் செய்தி. ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ என்னும் வறிய நாடு. அதில் காண்டோ என்னும் சிற்றூர். அங்கே பள்ளி இல்லாமையால் டீபேடோ பிரான்சிஸ் கெரே என்னும் சிறுவன் ஏழு வயதில் வீட்டை விட்டு வெளியூருக்குப் படிக்கப் போனான். வளர்ந்தபின் தச்சுத் தொழில் பயிலும் உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்றார். அங்கே கட்டடக் கலை மாணவரானார். 1998-இல் நண்பர்களைக் கூட்டித் தம் ஊர்ப் பள்ளிக்காக ஒரு சங்கம் தொடங்கிச் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார். மண்ணோடு சிறிது சிமெண்டைக் கலந்து அழுத்திய கற்களால் கட்டுவோம் என்று அவர் சொன்னபோது, மண் சுவர் மழையில் கரையுமே என்று ஊரார் ஐயுற்றனர். அவர் பொறுமையாக விளக்கினார். பின்னர் ஆணும் பெண்ணும் கல்லும் நீரும் சுமந்து 2001-இல் பள்ளியை எழுப்பினர். அங்கே கூரைக்கு வைத்ததும் தகரந்தான்! ஆனால் தகரம் வகுப்பறையின் தலையில் நேரே உட்காரவில்லை. கல்லால் ஆன உட்கூரைக்கு மேலே, கம்பிச் சட்டத்தின்மீது உயர்த்தி வைக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. மாணவர் பெருகவே 2008-இல் அதே வழியில் அப்பள்ளியை விரிவாக்கினார்கள். 2004-இல் ஆகா கான் விருதும், 2022-இல் கட்டடக் கலையின் உயர்ந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசும் கெரேயைத் தேடி வந்தன.

ஆகவே தகரந்தான் இயலும் என்றால், அதை உயர்த்துவோம். கீழே ஓர் உட்கூரை வைப்போம். நடுவில் காற்றுக்கு வழி விடுவோம். காண்டோவைக் காட்டிலும் நம் மழை வலிது. ஆதலால் இறவாரத்தை நீட்டித் தகட்டை இறுகப் பிணைக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையையும் கன்னியாகுமரிக் கரையையும் எப்படிக் கலங்க வைத்தது என்பதை நாம் கண்டோம். இத்தகைய நாட்களில் கரையோரத்து மக்கள் ஓடிவந்து புகுவது பள்ளிக்கூடத்தில்தான். கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பள்ளிக் கட்டடத்திலும் கிடங்கிலும் நெடுங்காலம் தங்க நேர்ந்ததையும் நாடறியும். நாம் கட்டும் இரண்டு அறைகள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. ஒரு கெட்ட இரவில் ஊருக்கே வேண்டியிருக்கலாம்.

கெரே பிழைக்கப்போன நாட்டிலிருந்து பிறந்த ஊருக்குச் செய்தார். நாமும் பிறந்த ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு ஆண்டுதோறும் மனமுவந்து அனுப்புகிறோம், அது நன்றே. ஆனால் நம் குழந்தை நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அமர்ந்திருப்பது இந்த ஊரின் கூரைக்குக் கீழேயன்றோ? நமக்கு மாற்றல் வந்தாலும் நம் இடத்தில் வேறொரு குடும்பம் வரும். அதன் குழந்தை அதே பெஞ்சில் உட்காரும்.

அடுத்த கூட்டத்தில் மதிப்பீடு வைக்கப்படும் என்று அறிகிறோம். விழிஞ்ஞம் 2010 முதல் மாநகராட்சிக்குள் அடங்கியதாகையால், வார்டு கவுன்சிலரையும் அதற்கு அழைக்கக் கேட்கலாம். நான்கே கேள்விகளை அடக்கத்தோடு கேட்போம். கூரையின் சூட்டுக்கு என்ன வழி? தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியேற எத்தனை வழி? மழைநீர் எங்கே போகும்? பழுதானால் யார் பார்ப்பது? நம் மலையாளத்தில் பிழை நேர்ந்தால் நேரட்டும். குழந்தையின் பொருட்டுப் பேசும் பேச்சில் இலக்கணம் பார்க்கும் ஊர் இது அன்று.

மறுநாளே மார்த்தாண்டத்து அண்ணாச்சியை நாம் வீட்டில் சென்று கண்டோம். ஒரு தாளில் எலிப்பொறிக் கட்டை அவர் வரைந்து காட்டினார். எத்தனை செங்கல் மிச்சமாகும் என்பதை அவர் பேத்தி கூட்டிச் சொன்னாள். அத்தாளைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்” என்றார். வாக்குறுதி ஒன்றும் அவர் தரவில்லை. பணம் தருபவர்கள் என்ன சொல்வார்களோ என்றும் கூறினார். அது நியாயமே.

அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சியை முன்வரிசையில் அமர்த்துவது நம் பொறுப்பு. கொத்து, தச்சு, மின்வேலை அறிந்த அன்பர்கள் நம் சங்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நடந்ததை அடுத்த இதழில் எழுதுவோம்.